தாயே, இது பரு

பேராதனையில் நான்கு வருஷம் படித்துவிட்டு இராக்கம்மா குருவிக்கொல்லைத் தோட்டத்துக்குத் திரும்பி வந்தபோது இரண்டு சாமான்களைக் கொண்டுவந்தாள். ஒன்று பி.ஏ. பட்டம். மற்றது கலமைன் போத்தல். பட்டத்தை அவளுடைய அம்மா ரெங்கம்மா தகரப்பெட்டிக்குள் தன் கல்யாணச் சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். அதன்பிறகு அது யாருக்கும் உபயோகப்படவில்லை. போத்தல் மட்டும் தினமும் உபயோகப்பட்டது.

இராக்கம்மாவுக்கு எண்ணெய் முகம். கழுவித் துடைத்து நிமிர்வதற்குள் நெற்றியில் ஒரு மினுக்கம் வந்துவிடும். கன்னங்களிலும் தாடையிலும் பரு. வயசுக்கு வருகிற ஒன்றிரண்டு அரும்பு இல்லை. கொத்துக் கொத்தாக, சீழ் கட்டி, தொட்டால் காதுவரை விண்ணென்று இழுக்கிற பரு. பல்கலைக்கழகத்து மருந்து நிலையத்தில் இருந்த டாக்டர் அம்மாதான் அந்த முகத்தைப் பார்த்துத் தன் முகத்தைச் சுளிக்காத முதல் ஆள்.

"எண்ணெய்ப் பசை உள்ள எதையும் பூசாதே. ஸ்னோ வேண்டாம். தேங்காயெண்ணெய் வேண்டவே வேண்டாம்" என்றார் அவர். "பருவைவிட வெயில்தான் உனக்குச் சத்துரு. ஆறிவருகிற பருவில் வெயில் பட்டால் வடு கறுத்து வருஷக்கணக்கில் நிற்கும். இந்தக் கலமைனில் துத்தநாகம் இருக்கிறது. ஓரளவுக்கு வெயிலையும் தடுக்கும், எண்ணெயையும் இழுக்கும். வெளியே போகுமுன் பூசு. மத்தியானம் வியர்வையை ஒற்றிவிட்டு மறுபடி பூசு. பின்னேரம் கழுவிவிடு. மூட்டமாக இருக்கிறதே என்று ஒருநாளும் விட்டுவிடாதே."

டாக்டர் அம்மாவின் கணக்கில் வெளியே போவதென்றால் விடுதியிலிருந்து விரிவுரை மண்டபத்துக்கு மரநிழலில் நடப்பது. குருவிக்கொல்லையில் வெளியே போவதென்றால் விடியற்காலைப் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டுக் கடைசி நிறுவை வரைக்கும் மலையில் நிற்பது. வேலை கேட்டு எழுதிய இடங்கள் எல்லாம் மௌனமாக இருந்ததால் இராக்கம்மாவும் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போனாள். பசறைக்கு மேலே உள்ள அந்த மலைகளில் சூரியன் பி.ஏ. படித்தவளா படிக்காதவளா என்று பார்ப்பதில்லை. அவ்வளவில் அது தோட்ட நிர்வாகத்தைவிட நேர்மையானது.

தினமும் காலையில், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், தங்கள் ஒற்றையறைக் காம்பராவின் பின்பக்கம் கண்ணாடித் துண்டை வைத்துக்கொண்டு முகத்தில் ரோஸ் நிறக் குழம்பைப் பூசினாள். போத்தலில் ரோஸாக இருப்பது அவளுடைய கறுத்த முகத்தில் காய்ந்ததும் சாம்பலாகிவிடும். முதல்நாள் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்த ரெங்கசாமி கங்காணி பாதியில் நிறுத்தினார்.

"யார்ரீ அது? பேய்க்கெல்லாம் நான் பேர் போடுறதில்ல."

"இராக்கம்மாதான், மாமா."

"மூஞ்சியில என்னா அது, தோசை மாவா?"

"வெயிலுக்கு."

"வெயிலுக்கா? நாங்கெல்லாம் பொறந்ததுலேருந்து இந்த வெயில்லதான நிக்கிறோம். எங்களுக்கெல்லாம் தோலு இல்லியா?"

"இருந்துச்சு மாமா. இப்ப இருக்கிறது தோலா தவில் கட்டுற தோலான்னு தட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். ஆனால் அவர்களும் விடவில்லை. நிரையில் நிற்கும்போது ஒருத்தி இராகம் போட்டாள்: "வெள்ளையாவப் போறாடி! அப்புறம் பெரிய தொரை பங்களாவுலேருந்து பொண்ணு கேட்டு வருவாங்கடி!"

"நான் கறுப்புத்தான். கறுப்பாவே இருந்துட்டுப் போறேன். வலிக்காம இருக்கணும், அவ்வளவுதான்" என்றாள் இராக்கம்மா. அதை யாரும் நம்பவில்லை. முகத்தில் ஒன்றைப் பூசுகிற பெண் வெள்ளையாவதற்குத்தான் பூசுவாள் என்பதில் குருவிக்கொல்லைக்கும் கொழும்புக்கும் ஒரே அபிப்பிராயம்.

ரெங்கம்மாவுக்கு இன்னொரு அபிப்பிராயம் இருந்தது. தலையில் எண்ணெய் வழிய வழிய வைத்தால் சூடு இறங்கிப் பரு போய்விடும். மகள் அசந்த நேரத்தில் உச்சந்தலையில் ஒரு கை எண்ணெயை அறைந்துவிடுவாள். அது நெற்றியில் இறங்கும். அடுத்த கிழமை நெற்றியில் புதுப் பரு முளைக்கும். "பாத்தியா, சூடு" என்பாள் ரெங்கம்மா.

போத்தல் முடிந்தால் பசறை பஸாருக்குப் போகவேண்டும். மருந்துக்கடை லத்தீப் நானா போத்தலை எடுத்துத் தூசியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"என்ன புள்ள, போன மாசமும் வாங்கினீங்களே. வூட்டுல யாருக்கு அம்மை?"

"யாருக்கும் இல்ல நானா. எனக்குத்தான்."

லத்தீப் நானா ஓரடி பின்னால் போனார்.

"அம்மை இல்ல நானா, பரு! வெயிலுக்குப் பூசுறேன்."

"அத சொல்லுங்களே முதல்ல! இது அம்மை போட்ட புள்ளையளுக்கு அரிப்பு அடங்கப் பூசுறதாச்சே. உங்களுக்கு ஏன் இது? இந்தா பாருங்க, சிங்கப்பூர் ஸ்னோ. இப்பத்தான் ஆண்டவன் புண்ணியத்துல சாமான் வரத் தொடங்கியிருக்கு. ஒரு கிழமை பூசினா முகம் பால் மாதிரி."

"பாலை வெயில்ல வச்சா திரிஞ்சு போயிரும் நானா. இதையே தாங்க."

"படிச்ச புள்ளையோட யாவாரம் செய்ய ஏலாது" என்று கலமைனைச் சுற்றிக் கொடுத்தார்.

அந்த ஆவணியில்தான் நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்தது. தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பெடுத்துக்கொண்டிருந்த நேரம். படிப்பிக்க ஆள் இல்லை. வியாழக்கிழமை காலை பதுளைக் கல்விக் கந்தோருக்கு வரவேண்டும், வராதவர்களுக்கு இன்னொரு தடவை கிடையாது. இராக்கம்மா அதைப் படித்தபோது கூடைக்கயிறு தலையில் பதித்திருந்த பள்ளம் ஒருமுறை துடித்தது. இந்த மலையைவிட்டு இறங்க இருக்கிற ஒரே வழி அதுதான். அதை யாரும் அவளுக்கு ஞாபகப்படுத்தத் தேவையில்லை.

அதே நாட்களில் கீழ் லயத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு அம்மை போட்டது. கச்சான் காற்று அடிக்கிற காலம். மலை காய்ந்து, மலை ஊற்று விழும் பீலியில் தண்ணீர் நூல்மாதிரித் தொங்கியது. கீழ் லயத்து வாசல்களில் வேப்பிலை ஏறியது. கடுகு தாளிப்பது நின்றது.

திங்கட்கிழமை மத்தியான நிறுவை. நேர்முகப் பரீட்சையை நினைத்துத் தூங்காத இராக்கம்மாவின் முகத்தில் பருக்கள் ஒரு கூட்டமே போட்டிருந்தன. டாக்டர் அம்மா சொன்னபடி வியர்வையை ஒற்றிவிட்டு மறுபடி பூசிக்கொண்டு வரிசையில் வந்து நின்றாள். வெக்கையில் பூச்சு வெடித்து, வெடித்த இடமெல்லாம் ஒவ்வொரு பருவும் சிவப்பாகத் தலையை நீட்டிப் பார்த்தது. முன்னால் நின்றவள் எதற்கோ திரும்பினாள். கூடையைக் கீழே போட்டாள்.

"தாயே!"

வரிசை இரண்டாகப் பிளந்தது. முகத்தில் முத்து, முத்தின்மேல் அம்மை மருந்து. கீழ் லயத்துப் பிள்ளைகளின் முகத்தில் இதே மருந்தை இதே கிழமைதான் எல்லாரும் பார்த்திருந்தார்கள். இத்தனை மாதம் தோசை மாவாக இருந்தது ஒரு நிமிஷத்தில் ஆத்தாவாகிவிட்டது.

"இது பரு! தினமும் பாக்குற பருதானே!" என்றாள் இராக்கம்மா.

"ஆமா தாயி, பருதான், பருதான்" என்றார் ரெங்கசாமி கங்காணி. குடித்துவிட்டுச் சண்டைக்கு வருகிறவனிடம் பேசுகிற குரல் அது. "நீ வீட்டுக்குப் போ தாயி. ஒனக்கு இன்னிக்கு முழுப்பேர்."

அரைநாள் வேலைக்கு முழுப்பேர் விழுந்து முழுநாள் சம்பளம் கிடைத்த முதல் ஆள் அந்தத் தோட்டத்தில் அவள்தான். அந்தச் சந்தோஷத்தைக்கூட அனுபவிக்க அவளுக்கு நேரமில்லை. லயத்துக்கு வந்து பார்த்தால் காம்பரா வாசலில் வேப்பிலை ஏற்கெனவே தொங்கியது. செய்தி குறுக்குப் பாதையால் வந்திருந்தது.

நேரே பீலிக்குப் போனாள். முகத்தைக் கழுவிக் காட்டிவிட்டால் முடிந்தது. ஆனால் பீலியைச் சுற்றிப் பெண்கள் கைகோத்து நின்றார்கள். அம்மை போட்ட உடம்பில் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற நாள் வரைக்கும் ஒரு துளி படக்கூடாது. பட்டால் அவளுக்கு மட்டுமல்ல, லயத்துக்கே ஆகாது.

"ஒரு செரட்டைத் தண்ணி குடுங்க போதும்!"

"வேணாம் தாயி. கோவிச்சுக்காத தாயி."

அம்மா வந்தால் சரியாகிவிடும் என்று காத்திருந்தாள். ரெங்கம்மா மலையிலிருந்து வந்தாள். வாசலில் வேப்பிலையைப் பார்த்தாள். இத்தனை வருஷம் தன்னை ஏன் என்று கேட்காத சனம் வரிசையாக வந்து தன் வாசலைத் தொட்டுக் கும்பிடுவதைப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து பாயை விரித்தாள்.

"அம்மா, ஒனக்குத் தெரியாதா? இது பரு."

"தெரியும்."

"அப்ப வெளிய போய்ச் சொல்லு!"

"வேப்பிலை கட்டினதுக்குப் பொறவு இல்லன்னு சொல்லக்கூடாதுடி. பருவாவே வந்திருந்தாலும் வந்தவ வந்தவதான். கோவிச்சுக்குவா."

"வியாழக்கெழமை நான் பதுளைக்குப் போவணும்மா!"

"ஆத்தாவுக்குத் தெரியாததா? அவ பாத்துக்குவா" என்றாள் ரெங்கம்மா. மகள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

மறுநாள் டிஸ்பென்சர் சிவஞானம் வந்தார். தோட்டத்தில் காற்சட்டை போட்ட மூன்று தமிழர்களில் ஒருவர். இவர் கிட்ட வந்து ஒருமுறை பார்த்தால் போதும் என்று இராக்கம்மாவுக்கு உயிர் வந்தது. அவர் வாசலுக்கு முன்னால் ஓடும் சாக்கடைக் கானுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டார்.

"காய்ச்சல் இருக்கா?"

"இல்ல ஐயா. இது முகப்பரு. கையப் பாருங்க, கழுத்தப் பாருங்க, ஒண்ணாவது இருக்கா?"

"முகத்துல மட்டும் போடுறதும் உண்டு. அது விசேஷம்."

"எந்தப் புத்தகத்துல ஐயா இருக்கு? நீங்க டிஸ்பென்சர்தானே? ஒரு பஞ்சை நனைச்சுக் குடுங்க, தொடச்சுக் காட்டுறேன்."

"தண்ணி படக்கூடாதம்மா." காற்சட்டைக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மருந்து வேற, இது வேற. எனக்கும் புள்ளைகுட்டி இருக்கு." கானுக்கு அப்பாலிருந்தே கும்பிட்டுவிட்டு, இரண்டு கிழமைக்கு வெளியே விடக்கூடாது என்று கங்காணியிடம் சொல்லிவிட்டுப் போனார். விஞ்ஞானம் போன வேகத்தில் அதன் செருப்பில் ஒன்று கானுக்குள் விழுந்தது.

குடிக்க மோர்தான் கொடுத்தார்கள். இராக்கம்மா யோசித்தாள். மோரும் திரவம்தானே. முந்தானையை அதில் நனைத்து முகத்தை அழுத்தித் துடைத்தாள். மோரில் மஞ்சள் கலந்திருந்தார்கள். கலமைன் பாதி போய், அந்த இடத்தில் மஞ்சள் ஏறி, தேய்த்த தேய்ப்பில் பரு எல்லாம் குங்குமமாகச் சிவந்து நின்றது. வாசலில் நின்ற பெண்கள் அதைப் பார்த்ததும் கைகளைத் தலைக்குமேல் தூக்கினார்கள். ஒருத்தி அழுதே விட்டாள்.

அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த இராக்கம்மாவுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. எழுந்து நின்று கத்தினாள். அவர்களுடைய மூளையை, கங்காணியை, டிஸ்பென்சரை, தோட்டத்தை, இந்த நாட்டை, ஒன்றையும் விடவில்லை. அவள் குரல் ஏற ஏற வாசலில் கூட்டம் கூடியது. ஆத்தா அருள் வந்து பேசுகிறாள். யாரோ தப்பை எடுத்து அடிக்கவும் தொடங்கிவிட்டான்.

ரெங்கசாமி கங்காணி முன்னால் வந்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "தாயே, என்னா கொறை வச்சோம்? சொல்லு தாயே!"

"கொறையா?" என்றாள் இராக்கம்மா. "பீலிக்கு மேல கக்கூசு கட்டி வச்சிருக்கீங்களே, அறிவு இருக்கா? அந்தத் தண்ணியத்தானே புள்ளைக குடிக்குது? கொறையாம் கொறை!"

இதே விஷயத்தை அவள் வந்த முதல் மாதமே சொல்லியிருந்தாள். கிருமி, குடற்காய்ச்சல் என்றெல்லாம் விளக்கிப் பெரட்டுக் களத்தில் பேசினாள். எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள், துரையிடம் கொடுப்போம் என்று வீடு வீடாகப் போனாள். "நிர்வாகம் கட்டினதை நாம எப்புடிம்மா சொல்றது" என்று கங்காணி கொட்டாவி விட்டார். கையெழுத்து நாலு விழுந்தது. அதிலும் ஒன்று அவளுடையது.

இப்போது கங்காணி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். ஆண்கள் கடப்பாரையோடு போனார்கள். பொழுது சாய்வதற்குள் கக்கூசு இருந்த இடத்தில் செங்கல் குவியலும் சுண்ணாம்பும்தான் கிடந்தன. புதுக்குழி கீழே, கானுக்குத் தள்ளி வெட்டத் தொடங்கியாயிற்று. நிர்வாகம் கட்டியதை உடைத்ததற்கு நிர்வாகம் கேட்டால் ஆத்தா பார்த்துக்கொள்வாள்.

கடப்பாரைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இராக்கம்மா பாயில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு முடிந்த இடத்தில் அழுகை வந்தது. நான்கு வருஷப் படிப்புக்கு அசையாத கடப்பாரை நாலு பருவுக்கு அசைந்துவிட்டது. பிறகு அவள் அழுகையை நிறுத்திவிட்டு வியாழக்கிழமையை நினைத்தாள்.

புதன்கிழமை பின்னேரம் பெண்கள் கூழ் கொண்டுவந்தபோது அவள் கூழைத் தொடவில்லை.

"நாளைக்குக் காலையில நான் பதுளைக்குப் போகணும்" என்றாள். பொய் எதுவும் சொல்லவில்லை என்பதில் அவள் கவனமாக இருந்தாள். நான்தான் ஆத்தா என்று ஒருதடவையும் சொல்லவில்லை. கேட்கிறவர்கள் காது அவர்களுடையது.

லயம் கூடிப் பேசியது. ஆத்தா ஏன் பதுளைக்குப் போகவேண்டும்? பதுளைக் கோயிலுக்குத்தான், வேறெதற்கு? பஸ்ஸில் அம்மை போட்ட ஆளை ஏற்றமாட்டார்கள். கங்காணி பங்களாவுக்கு ஓடினார். புதிதாக வந்திருந்த சிங்களத் துரை விஷயத்தைக் கேட்டதும், பத்தினித் தெய்வத்தின் பேரைச் சொல்லி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அவருடைய ஊரிலும் அம்மை என்றால் அவள்தான். கொழுந்து லொறியைக் கொண்டுபோங்கள், கக்கூசு விஷயத்தை அப்புறம் பேசலாம் என்றார்.

கிளம்புகிற நேரத்தில் இராக்கம்மா இன்னொன்றும் கேட்டாள். "தகரப்பெட்டிக்குள்ள ஒரு கடதாசி இருக்கு. அதுவும் வரணும்."

ரெங்கம்மா பெட்டியைத் திறந்து பட்டத்தை எடுத்தாள். வெறுங்கையால் கொடுக்கக்கூடாது என்று கங்காணி அதைத் தாம்பாளத்தில் வைத்தார். யாரோ ஒருத்தி அதன் நாலு மூலைக்கும் குங்குமம் வைத்தாள். குருவிக்கொல்லையில் ஒரு பல்கலைக்கழகப் பட்டத்துக்குச் செய்யப்பட்ட முதல் மரியாதை அது.

லொறி டிரைவர் ஸலீம் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இல்ல கங்காணியாரே" என்றான். பிறகு வேப்பங்கொத்து ஒன்றை எடுத்து முன்பக்கம் தானே கட்டினான். "பாதை வளைவு கூட. கெடந்துட்டுப் போகட்டும்."

ஸலீமுக்குப் பக்கத்து ஆசனத்தில் ஆத்தா. பின்னால் தப்பும், கங்காணியும், ரெங்கம்மாவும், அன்றைய வேலைக்குப் பேர் போட்டுக்கொண்டு வந்த முப்பது சனமும். பசறைச் சந்தியில் பொலிஸ்காரன் தொப்பியைக் கழற்றினான். பதுளை டவுனுக்குள் நுழைந்து கோயில் பக்கம் திரும்பப் போனபோது இராக்கம்மா கையை நீட்டினாள்.

"நிப்பாட்டுங்க."

"இது கல்விக் கந்தோராச்சே" என்றான் ஸலீம்.

"தெரியும்."

பின்னாலிருந்து கங்காணி குதித்து ஓடிவந்தார். "தாயே, கோயிலு இன்னும் அங்கிட்டு இருக்கு."

"எனக்கு இங்கதான் வேலை."

கந்தோர் வாசலில் காவலுக்கு நின்றவன் அவளைப் பார்த்ததும் கதவுக்குப் பின்னால் பாதி மறைந்துகொண்டு, இந்த முகத்தோடு உள்ளே விடமுடியாது என்று தலையை ஆட்டினான். முற்றத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. முப்பது சனமும் லொறியிலிருந்து இறங்கி அவளுக்குப் பின்னால் நின்றது.

கழுவினால் உள்ளே போகலாம். கழுவினால் வெளியே முப்பது பேருக்கும் உண்மை தெரியும். ஆத்தா இல்லை, இராக்கம்மாவின் பருதான். லொறி கேட்டதும், கக்கூசை உடைத்ததும், எல்லாம் இந்தச் சிறுக்கியின் ஏமாற்று. அம்மா இனி எந்த முகத்தோடு லயத்தில் இருப்பாள்? கக்கூசு மறுபடி பீலிக்கு மேலேயே ஏறினாலும் ஏறும். இராக்கம்மா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். ரெங்கம்மா தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் போகாதே என்று சொல்லவில்லை.

இராக்கம்மா குழாயைத் திறந்தாள். கைநிறையத் தண்ணீரை வாரி முகத்தில் அடித்தாள். கலமைன், மஞ்சள், மூன்று நாள் புழுதி எல்லாம் ரோஸும் மஞ்சளுமாகக் கானில் ஓடியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு சனத்தைப் பார்த்துத் திரும்பினாள். வெறும் முகம். பரு, வடு, எண்ணெய் மினுக்கம், அத்தனையும் வெளிச்சத்தில்.

"பாருங்க. நல்லாப் பாருங்க. இது பரு."

முன்னால் நின்ற பெண்கள் கிட்ட வந்து அவள் கன்னத்தைப் பார்த்தார்கள். அப்புறம் ரெங்கசாமி கங்காணி தொண்டையைக் கிழித்துக்கொண்டு கத்தினார்.

"தண்ணி ஊத்தியாச்சு! ஆத்தா எறங்கிட்டாடோய்!"

தப்பு முழங்கியது. பெண்கள் குலவை போட்டார்கள். "பாரு, தழும்பு எப்புடி முத்து முத்தா நிக்குது!" என்று ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இராக்கம்மா சேலையை உதறிக் கட்டிக்கொண்டு, தாம்பாளத்திலிருந்த பட்டத்தை எடுத்துக்கொண்டு கந்தோருக்குள் போனாள். இவர்களோடு இனிப் பேசிப் பிரயோசனமில்லை. தெய்வத்தை நிரூபிக்கச் சாட்சி தேவையில்லை. பருவுக்கு எத்தனை சாட்சி வைத்தாலும் போதாது.

உள்ளே மேசைக்குப் பின்னால் இரண்டு பேர். ஒருவர் சிங்களவர், மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர் வீரசிங்கம், யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். பட்டத்தை எடுத்துக் குங்குமத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்தார்.

"முகத்திலை என்ன பிள்ளை உது?"

"பரு சேர்."

"வெயிலுக்கை திரியிறனீரோ?"

"கொழுந்தெடுக்கிறேன் சேர்."

"படிப்பிக்கிற ஆள் கொஞ்சம் பார்வையா இருக்கவேணும் கண்டீரோ. வெளிக்கிடேக்கை முகத்துக்கு ஏதும் பூசிக்கொண்டு வந்தால் என்ன?"

இராக்கம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இந்த வேலை மட்டும் அவளுக்கு அவ்வளவு தேவையாக இல்லாமல் இருந்திருந்தால் வீரசிங்கம் அன்றைக்கு நிறையத் தெரிந்துகொண்டிருப்பார்.

"இனிப் பூசுறேன் சேர்" என்றாள்.

அவர் திருப்திப்பட்டுக் கடதாசியைப் புரட்டினார். "குருவிக்கொல்லைப் பள்ளிக்கூடத்துக்குப் போக ஒருதரும் விருப்பமில்லை. பிள்ளையள் வராதாம். பத்து வயசு வந்தால் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்க மலைக்கு அனுப்பிப்போடுவினமாம். நீர் அந்த ஊர் ஆள். நீர் சொன்னால் சனம் கேட்குமோ?"

ஜன்னலுக்கு வெளியே முப்பது சனம் கைகூப்பி நின்றது. அதைச் சிங்களவரும் பார்த்தார். "யார் இவர்கள்?" என்று கேட்டார்.

"எங்க தோட்டத்து ஆளுங்க. எனக்காக வந்திருக்காங்க."

நேர்முகப் பரீட்சைக்கு ஒரு தோட்டமே கூட வந்ததை அந்த இருவரும் அதுவரை கண்டதில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வீரசிங்கம் கையெழுத்தைப் போட்டார். அடுத்த மாதம் முதலாம் திகதி. குருவிக்கொல்லை. சந்தோஷப்படலாம் என்று இராக்கம்மா நினைத்தாள். மலையிலிருந்து இறங்குவதற்காகக் கேட்ட வேலை அதே மலைக்குத் திருப்பி அனுப்புகிறது. ஆனால் கூடை இல்லாமல். அது பெரிய வித்தியாசம்தான்.

வெளியே வந்தாள். வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. கங்காணி ஓடிவந்தார்.

"என்னா சொன்னாங்க தாயி?"

"அடுத்த மாசத்துலேருந்து நம்ம பள்ளிக்கூடத்துல நான்தான் டீச்சர். பத்து வயசுப் புள்ளைக ஒண்ணும் இனி மலைக்குப் போகக்கூடாது மாமா. எல்லாம் பள்ளிக்கூடம் வரணும்."

கங்காணி குரலைத் தாழ்த்தினார். "இது ஆத்தா சொல்றதா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. தோட்டத்துப் பிள்ளைகள் அத்தனையும் நாளைக்கே வரிசையில் வந்து நிற்கும்.

"இல்ல. ஆத்தா எறங்கிட்டான்னு நீங்கதானே சொன்னீங்க. இது நான் சொல்றது. ரெங்கம்மா மக இராக்கம்மா."

கங்காணியின் முதுகு நிமிர்ந்தது. மூன்று நாளாகக் காணாமல் போயிருந்த கொட்டாவி திரும்பி வந்தது. "அப்புடியா? சரி புள்ள, பாப்பம். கைக்காசு வருதுல்ல. ஆளுங்ககிட்ட மெதுவாத்தான் சொல்லணும். ஏறு, ஏறு, லொறி போகணும்."

"பாப்பம் இல்ல மாமா. வரலைன்னா நான் லயத்துக்கு வருவேன். ஒவ்வொரு காம்பரா வாசல்லயும் நின்னு கத்துவேன்."

"கத்தி?"

"கத்துறது ஆத்தாவா, டீச்சரான்னு அப்ப நீங்களே தீர்மானிச்சுக்கங்க."

கங்காணி அவள் முகத்தை ஒருதடவை பார்த்தார். உச்சி வெயிலில் பருக்கள் ஒவ்வொன்றும் சிவக்கத் தொடங்கியிருந்தன. அவருடைய கை தானாக மேலே போய்த் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்புக்குக் கொண்டுவந்தது. பக்கத்தில் நின்ற ஸலீம் சிரிப்பதைப் பார்த்ததும், "என்னா வெயிலப்பா" என்று சொல்லிக்கொண்டே அதைத் திரும்பவும் தலையில் கட்டிக்கொண்டார்.